மூன்றாம் வகுப்பில் நீளம் அளக்கக் கற்பித்தல்: ஸ்கேலை எப்போது கையில் கொடுப்பது?

கேள்வி: குடியாத்தம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கைத்தறி நெசவு, பீடி சுற்றுதல், தீப்பெட்டி வேலை ஆகியவற்றில் ஈடுபட்டுள்ள குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். கூட்டல், கழித்தலில் நன்றாகத் தேறி வரும் பிள்ளைகளும் நீட்டலளவைப் பாடத்தில் தடுமாறுவதைக் காண்கிறேன். அதைப் பற்றி அனுபவமுள்ளவர்களிடம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

"ஒரு மீட்டர் எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் நூறு என்று சொல்லிவிடுகிறது. ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால்தான் சிக்கல் தெரிகிறது. சிலர் பென்சிலின் நுனியை 1 என்ற எண்ணுக்கு நேராக வைக்கிறார்கள். வேறு சிலர் ஸ்கேலின் ஓரத்தில் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் ஓரத்துக்கும் 0 கோட்டுக்கும் நடுவே சிறிது இடம் விட்டிருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இதைச் சரிசெய்வதற்காக, "0-இல் வைத்து அளக்க வேண்டும்" என்று பலமுறை சொல்லி, பழக்கியும் விட்டேன். இப்போது எல்லாரும் 0-இல்தான் வைக்கிறார்கள். விடையும் சரியாக வருகிறது.

ஆனால், சென்ற வாரம் கரும்பலகையில் ஒரு பெரிய ஸ்கேலை வரைந்து, அதன்மேல் 3 என்ற கோட்டிலிருந்து 8 என்ற கோடு வரையில் ஒரு சாக்பீஸ் இருப்பது போலவும் வரைந்து, அதன் நீளத்தைக் கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் 8 என்றார்கள். சிலர் 3-இலிருந்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டு எண்ணி 6 என்றார்கள். 5 என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவன் 8-இலிருந்து 3-ஐக் கழித்ததாகச் சொன்னான், ஆனால் எதற்காகக் கழித்தான் என்பதை அவனால் விளக்க முடியவில்லை. 0-இல் வைக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்திருக்கிறதே ஒழிய, அளத்தல் என்றால் என்ன என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

சாண், முழம், காலடி கொண்டு அளப்பதில் தொடங்கி அதன் பிறகே சென்டிமீட்டருக்கு வருவது வழக்கம். நானும் அப்படித்தான் நடத்தினேன். அந்த வேலையைப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு செய்தார்கள். ஆனால் அங்கே செய்ததற்கும் ஸ்கேலில் செய்வதற்கும் தொடர்பு இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. இந்த இரண்டையும் இணைக்கும் படி எது? ஸ்கேலைக் கையில் கொடுப்பதை இன்னும் தள்ளிப்போட வேண்டுமா? அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடை), மலர் (மேல்) என்று மூன்று கற்றல் நிலையில் உள்ள பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பதால், எல்லாருக்கும் பொருந்தும் செயல்பாடாக இருந்தால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அணைக்கட்டு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். 3-லிருந்து 8 வரை என்று நீங்கள் வைத்த கேள்வி மிக நல்ல கேள்வி. ஸ்கேலை 0-இல் வைத்து அளக்கும் கணக்குகளை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் குறை எட்டாம் வகுப்பு வரையிலும் வெளியே தெரியாது.

உங்களுக்குக் கிடைத்த 8, 6 ஆகிய இரண்டு விடைகளும் வெவ்வேறு காரணத்தால் வருபவை. ஆகவே அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 8 என்ற பிள்ளைக்கு, பொருள் முடியும் இடத்தில் எழுதியிருக்கும் எண்ணே அதன் நீளம். அந்தப் பிள்ளை இன்னும் அளக்கத் தொடங்கவில்லை, படிக்க மட்டுமே செய்கிறது. 6 என்ற பிள்ளை ஒரு படி மேலே வந்துவிட்டது. நீளம் என்பது எதையோ எண்ணிக் கண்டுபிடிப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கோடுகளை எண்ணுகிறது, கோடுகளுக்கு இடையில் உள்ள இடத்தை எண்ணவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே 'தவறு' என்ற குறியிட்டு உட்காரவைத்தால், இரண்டாவது பிள்ளை தான் அடைந்த முன்னேற்றத்தையும் விட்டுவிட்டு முதல் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிடும்.

சாண், முழத்தில் நடந்தது ஸ்கேலோடு ஏன் இணையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், சாணை எடுத்து அடுத்த இடத்தில் வைத்ததும் முதல் சாண் இருந்த இடத்தில் அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. பிள்ளை கையை எங்கே எடுத்தது, எங்கே வைத்தது, நடுவில் விரற்கடை அளவு இடைவெளி விட்டதா, முன்பு வைத்த இடத்தின்மேல் ஏறி வைத்ததா என்பதை அதுவும் பார்க்க முடியாது, நீங்களும் பார்க்க முடியாது. கடைசியில் ஓர் எண் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே, முதலில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும் பொருளால் அளக்கவிட வேண்டும். குடியாத்தத்தில் இதற்கு வெற்றுத் தீப்பெட்டியைவிட நல்ல பொருள் கிடைக்காது. எல்லாம் ஒரே அளவு, விலை கிடையாது, பிள்ளைகளே மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள்.

ஆசிரியர் மேசையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை தீப்பெட்டிகளை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு குழுவில் இடைவெளி விட்டு வைப்பார்கள். இன்னொரு குழுவில் வரிசை வளைந்து போகும். கடைசியில் முழுப் பெட்டி வைக்க இடம் போதாமல், ஒரு பெட்டியைக் குறுக்காகத் திருப்பி வைத்து அதையும் ஒன்று என்று எண்ணுகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அங்கேதான் நீங்கள் நிறுத்திக் கேட்க வேண்டும்: குறுக்கே வைத்த பெட்டியும் மற்றவையும் ஒன்றுதானா? அந்த விவாதத்தை அவசரப்படுத்தாதீர்கள். நான் பணியில் இருந்தபோது இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு பாடவேளையை முழுதாக விட்டுவிடுவேன்.

அதற்கு அடுத்த நாள் குழுவுக்கு ஒரே ஒரு தீப்பெட்டி மட்டும் கொடுத்து அதே மேசையை அளக்கச் சொல்லுங்கள். முதலில் திகைப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் பெட்டி முடியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து மறுபடி வைக்கத் தொடங்குவார். கோடு என்பது ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி தொடங்கும் இடம் என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்திருக்கிறது. ஸ்கேலில் உள்ள கோடும் அதுவே. நம் பையன்கள் இதைத் தெருவில் முன்பே செய்கிறார்கள். கில்லி விழுந்த இடம் வரை தாண்டை மடக்கி மடக்கிப் போட்டு அளக்கும்போது, தாண்டின் முனை பட்ட இடத்தை விட்டுத் தள்ளி வைத்தால் எதிரணி விடுமா? அந்தக் கண்டிப்பு அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வகுப்புக்குள் அதைக் கொண்டுவர வேண்டியது நம் வேலை.

இதற்குப் பிறகு, பிள்ளைகளே ஒரு ஸ்கேல் செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் உள்ள தாளிலிருந்து பத்துக் கட்டம் நீளமுள்ள பட்டையை வெட்டி, அட்டையில் ஒட்டி, கட்டங்களுக்கு மாற்றி மாற்றி இரண்டு நிறம் தீட்டச் செய்யுங்கள். எண் எதுவும் எழுத வேண்டாம். அந்தப் பட்டையை வைத்துப் பென்சில், அழிப்பான், சாவி என எதை வேண்டுமானாலும் அளக்கட்டும். நிறமுள்ள கட்டங்களையே எண்ண வேண்டியிருப்பதால் கோட்டை எண்ணும் பழக்கம் இங்கே வர வழியில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணுவது அலுத்துப் போகும் நிலையில், "எண்ணாமலே சொல்ல என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். எண்களை எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். எங்கே எழுதுவது? பெரும்பாலோர் கட்டத்தின் நடுவில் எழுதுவார்கள். தவறென்று சொல்லாமல் அதையே வைத்து அளக்கவிட்டு, ஒரு பொருள் கட்டத்தின் பாதியில் முடியும்போது என்ன சொல்வது என்று கேட்டால், கட்டம் நிறைவடையும் கோட்டில் எழுதுவதுதான் வசதி என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள். அப்போது இடது ஓரக் கோட்டில் என்ன எழுதுவது என்ற கேள்வி எழும். அங்கே இன்னும் ஒரு கட்டமும் கடக்கவில்லை, ஆகவே 0. இவ்வாறு கிடைத்த 0 அவர்களுக்கு மறக்காது.

கடைசியாக, அந்தப் பட்டையின் முதல் இரண்டு கட்டங்களைக் கத்தரித்துவிட்டு அதே பென்சிலை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உங்களுடைய 3-லிருந்து 8 கணக்கு அப்போது தானாகவே தீரும்.

மூன்று நிலைப் பிள்ளைகளைப் பற்றி ஒரே வரி: தீப்பெட்டி வரிசை எல்லாருக்கும் பொது, அரும்பு நிலைப் பிள்ளைகள் அதிலேயே கூடுதல் நாள் இருக்கட்டும், மலர் நிலைப் பிள்ளைகள் ஒரு பெட்டி வேலைக்கு முன்னதாகவே போகட்டும்.

பதில்: தையற்கலைஞர், லாங் பஜார், வேலூர்

வணக்கம். நான் ஆசிரியர் அல்ல. வேலூர் லாங் பஜார் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பில் படிப்பதாலும், நாள் முழுவதும் என் கழுத்தில் டேப் தொங்குவதாலும் இந்த உரையாடலில் ஓரிரு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

டேப்பின் நுனியில் பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். துணி டேப்பில் கணக்கு அந்தத் தகட்டின் விளிம்பிலிருந்தே தொடங்கும். பள்ளி ஸ்கேலைப் போல ஓரத்தில் இடம் விட்டிருக்காது. ஆகவே 0 எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கருவியிலும் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது. தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு டேப்பில் நுனிக் கொக்கி சிறிது முன்னும் பின்னும் ஆடும். அது பழுது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரின் உட்புறத்தில் முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் வந்துவிடாமல் இருக்கவே, அந்தத் தடிமனின் அளவுக்கு மட்டும் அது நகரும்படி செய்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்தால் மிகவும் ரசிப்பார்கள்.

நுனி நைந்துபோன டேப்பில் நாங்கள் 10-ஆம் அங்குலத்தைத் தோளில் வைத்து, கை முடியும் இடத்தில் வரும் எண்ணிலிருந்து 10-ஐக் கழித்துக்கொள்வோம். தச்சுப் பட்டறையிலும் இந்த வழக்கம் உண்டு. ஆசிரியை கரும்பலகையில் வரைந்த கணக்கு இதுவேதான். பாடப் புத்தகத்துக்காக உண்டாக்கிய சிக்கல் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். பிழைப்பு நடத்துகிறவர்கள் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை என்று சொல்லுங்கள்.

என் மகளுக்கு வரும் குழப்பம் வேறு. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்தது. ஆனாலும் இன்றுவரை, துணியை மீட்டரில் வாங்கி வருகிறார்கள், நான் உடம்பை அங்குலத்தில் அளக்கிறேன், துணியின் அகலமாகிய பன்னாவை 36, 44, 58 என்று அங்குலத்திலேயே சொல்கிறோம். தச்சர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து நூல் என்கிறார். பாட்டி பூவை முழத்தில் வாங்குகிறார், வேட்டியை நாலு முழம், எட்டு முழம் என்கிறார். பள்ளியில் சென்டிமீட்டர். "எதுதான்பா சரி?" என்று என் மகள் கேட்டபோது, டேப்பை விரித்து ஒரு பக்கம் அங்குலத்தையும் மறுபக்கம் சென்டிமீட்டரையும் காட்டி, மேசை ஒன்றே, அதன்மேல் பெரிய கட்டமாக வைத்தால் எண் குறையும், சிறிய கட்டமாக வைத்தால் எண் கூடும் என்று சொன்னேன். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்ற கணக்கு இந்த வயதில் வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் அலகின் பெயரைச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் விடையாக எழுதினால் ஆசிரியர்கள் கண்டிப்பாக ஏற்கக் கூடாது. சட்டைக் கை 20 என்று மட்டும் சீட்டில் எழுதி வைத்தால், அதை எடுத்துத் தைக்கிற அடுத்த ஆள் என்ன செய்வார்?

பதில்: இயற்பியல் விரிவுரையாளர், காட்பாடி

தலைமையாசிரியர் ஐயா சொன்ன பட்டை முறையை மனமார ஏற்கிறேன். கல்லூரியில் முதலாமாண்டு ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிலும், ஸ்கேலின் 0 கோடு தேய்ந்திருந்தால் அளக்கவே முடியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இது தொடக்கப் பள்ளியிலேயே தீர வேண்டிய குறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சாண், முழம் பயிற்சியை நீட்டவும் வேண்டாம், ஸ்கேலைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அளத்தல் என்றால் என்ன என்பதே உறுதிப்படாத நிலையில், ஒரே மேசைக்கு ஒருவன் எட்டுச் சாண், ஒருத்தி ஒன்பது சாண், ஆசிரியர் ஆறு சாண் என்று மூன்று விடை வந்து, மூன்றுமே சரி என்றும் நாம் சொல்லும்போது, எந்த விடை வந்தாலும் பரவாயில்லை போலும் என்ற எண்ணம் சில பிள்ளைகளிடம் படிந்துவிடுகிறது. 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்ற பழமொழியைச் சொல்லி, எல்லாருக்கும் பொதுவான அலகு ஏன் வேண்டும் என்று உணர்த்த ஒரு நாள் போதும். அதுவும், பிள்ளைகள் தீப்பெட்டியால் உறுதியாக அளக்கக் கற்ற பிறகு செய்தால் பயன் அதிகம். ஸ்கேலோ அவர்களுடைய பையிலேயே இருக்கிறது, அதை மறைத்து வைக்க முடியாது. பட்டை செய்யும் நாளிலேயே அதையும் பக்கத்தில் வைத்து, கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகிறதா என்று பார்க்கவிடலாம்.

தீப்பெட்டியை இடைவெளியின்றி வைப்பது சிறுபிள்ளை வேலை என்று யாரேனும் பெற்றோர் நினைத்தால், அவர்களுக்குச் சொல்ல நம் ஊருக்கு அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன், சென்னை பரங்கிமலை அருகே ஏழு மைலுக்குச் சற்று மிகுந்த ஓர் அடிக்கோட்டை (மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை), நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண நில அளவையின் தொடக்கம் அது. சங்கிலி தொய்ந்துவிடாமல் மரப்பெட்டிகளில் கிடத்தி, முடிந்த இடத்தைத் துல்லியமாகக் குறித்து, அங்கிருந்து மறுபடி வைத்து என்று மீண்டும் மீண்டும் செய்ததே அந்த வேலை. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்கள். நூறு அடி எஃகு, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நூற்றுக்கணக்கான முறை சங்கிலியை வைக்கும்போது அது எவ்வளவாகச் சேரும் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லலாம். மேசையில் சாக்பீஸால் கோடு கிழித்து ஒரே தீப்பெட்டியை நகர்த்தும் பிள்ளை செய்வதும் இதே வேலைதான்.

மீட்டர் என்பது எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பது என் இன்னொரு விருப்பம். நூறு சென்டிமீட்டர் என்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் இரண்டு கைகளையும் விரித்து ஒரு மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு முழம் காட்டுவார், இன்னொருவர் முழுக் கைகளையும் விரிப்பார். ஒரு மீட்டர் குச்சியை வகுப்பின் சுவரோரம் எப்போதும் சாத்தி வைத்து, எதை அளப்பதற்கு முன்னும் கண்ணளவில் எவ்வளவு இருக்கும் என்று எழுதிவிட்டே அளக்க வேண்டும் என்று பழக்கினால், ஓரிரு மாதத்தில் மதிப்பீடு வியக்கத்தக்க அளவு நெருங்கி வரும். தாத்தா பாட்டிகளிடம் கேட்டால், காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்ததைச் சொல்வார்கள். அந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இருந்தது இந்தக் குச்சியின் நீளமே. இப்போதுள்ள அகலப் பாதைக்கு 1,676 மில்லிமீட்டர். இரண்டையும் வகுப்புத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினால் போதும், தண்டவாளத்தின் பக்கம் போக வேண்டியதில்லை.

பள்ளி மைதானத்தில் செய்ய ஒன்று: ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கி வரும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ளது. ஒரு கயிற்றில் 117 சென்டிமீட்டரை அளந்து, ஒரு முனையை ஒரு பிள்ளை தரையில் அழுத்திப் பிடிக்க, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி இன்னொரு பிள்ளை சுற்றி வந்தால் அந்த ஆடியின் வட்டம் கிடைத்துவிடும். பிறகு அதற்குள் எல்லாரும் நின்று பார்க்கட்டும். குச்சியை ஒரு முறை வைத்து, மீதியை ஸ்கேலால் சேர்த்து 117-ஐ எட்ட வேண்டியிருப்பதால், மீட்டரும் சென்டிமீட்டரும் சேர்ந்து வரும் அளவு அங்கே தேவையாகவே வந்து நிற்கும்.

பார்வைக் கோணத்தையும் இப்போதே பழக்கிவிடுங்கள். தடிமனான மரஸ்கேலில் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் எண் மாறித் தெரியும். கோட்டுக்கு நேர் மேலே கண் இருக்க வேண்டும்.

மீண்டும்: குடியாத்தம் ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. தீப்பெட்டியும் பட்டையும் வகுப்பில் செய்து பார்த்துவிட்டேன். தலைமையாசிரியர் ஐயா சொன்னபடியே ஒரு பெண் கடைசித் தீப்பெட்டியைக் குறுக்கே வைத்தாள். அதை எண்ணலாமா கூடாதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அது வரை கணக்குப் பாடத்தில் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து வந்து, குறுக்கே வைத்த பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை நெடுக்காக வைத்து, எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று விரலால் காட்டினான். அவனுடைய வீட்டில் தறி இருக்கிறது. பாவு (தறியில் நெடுக்காக ஓடும் நூல்) நீளம் தப்பினால் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளை. அதன் பிறகு யாரும் குறுக்குப் பெட்டியை எண்ணவில்லை.

பட்டையில் முதல் இரண்டு கட்டங்களைக் கத்தரித்த பிறகு, கரும்பலகைக் கணக்கை மறுபடி கேட்டேன். இம்முறை பெரும்பாலோர் 5 என்றதோடு, 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒன்று, 4-க்கும் 5-க்கும் நடுவில் ஒன்று என்று இடங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார்கள். முன்பு கழித்தல் செய்த பையனும், 3 வரை உள்ள இடம் சாக்பீஸின் கீழ் வரவில்லை, அதனால்தான் எடுத்துவிட வேண்டும் என்று இப்போது காரணம் சொல்கிறான். தையற்கலைஞர் அண்ணன் சொன்ன 10-ஆம் அங்குலக் கதையைச் சொன்னபோது, ஒரு மாணவி மறுநாளே தன் அம்மாவின் பழைய டேப்பைக் கொண்டுவந்து, நுனி பிய்ந்திருப்பதைக் காட்டி, நாங்களும் இப்படித்தான் அளக்க வேண்டும் என்றாள். அலகு எழுதாத விடைக்கு இனி மதிப்பெண் இல்லை என்றும் அறிவித்துவிட்டேன். காவலூர் வட்டத்தை மழை விட்டதும் மைதானத்தில் வரையப் போகிறோம்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பொருள் கோட்டில் சரியாக முடியாதபோது பிள்ளைகள் "எட்டும் கொஞ்சமும்" என்கிறார்கள். சிலர் அந்தக் கொஞ்சத்தை விட்டுவிடக் கூடாது என்று 9 என்று எழுதிவிடுகிறார்கள். மில்லிமீட்டரை இப்போதே அறிமுகப்படுத்தலாமா, அல்லது அருகில் உள்ள முழு எண்ணை எழுதச் சொல்லலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அணைக்கட்டு

படிக்க மிகவும் நிறைவாக இருந்தது, அம்மா. தறி வீட்டுப் பையனை அடுத்த பாடங்களிலும் எழுப்பிப் பேசவையுங்கள்.

விரிவுரையாளர் சொன்ன ஒழுங்கை, அதாவது தீப்பெட்டிக்குப் பிறகு சாண் என்பதை, நானும் ஏற்கிறேன். சாண் பாடத்தை முதலில் வைப்பதே நம் வழக்கமாக இருந்தாலும், அவர் காட்டிய காரணம் வலுவானது.

"எட்டும் கொஞ்சமும்" என்பது தவறான விடை அல்ல, அதைத் திருத்தி எழுதவைக்க வேண்டாம். "8-க்கும் 9-க்கும் நடுவில், 8-க்குப் பக்கத்தில்" என்று முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள். முழு எண்ணாக மாற்றுவதற்கு முன் இந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டால், எந்தக் கோட்டுக்கு அருகில் என்று பார்க்கும் வழக்கம் தானே வரும். 9 என்று எழுதுகிற பிள்ளையும், தன் பொருள் 9-ஐ எட்டவில்லை என்பதைச் சொல்ல நேரும்போது தானே நின்று யோசிக்கும்.

மில்லிமீட்டரை மலர் நிலைப் பிள்ளைகளுக்கு மட்டும் இப்போது காட்டலாம். ஆனால் அந்தச் சிறு கோடுகளை எண்ணச் சொன்னால் கோட்டை எண்ணும் பழைய பழக்கம் உடனே திரும்பி வந்துவிடும். ஆகவே ஒரே ஒரு சென்டிமீட்டரைக் கரும்பலகையில் ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாக வரைந்து, அதைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, பட்டையில் செய்தது போலவே மாற்றி மாற்றி நிறம் தீட்டுங்கள். 0 முதல் 10 வரை எண்களையும் பிள்ளைகளே கோடுகளில் எழுதட்டும். நடுவில் 5-ஆம் கோடு ஸ்கேலில் ஏன் சற்று நீளமாக இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். அதற்கு விடையை நீங்கள் சொல்லாமல், அந்தக் கோடு இல்லாவிட்டால் 7-ஐக் கண்டுபிடிக்க எத்தனை கட்டம் எண்ண வேண்டும் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.